தேடலில் புள்ளி தவறினால் எங்கே பார்ப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு நல்ல வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய பள்ளி மலர்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், லயத்து வரிசை வீட்டு வாசலில் எடுத்த புகைப்படங்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரு தேடல் பக்கத்தில் ஏற்றுகிறார்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலம் தொடங்கி, ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலம் வரை எத்தனையோ குடும்பங்கள் இடம் மாறிவிட்டன. போன இடமெல்லாம் கூடவே போனவை இந்தக் காகிதங்கள்தான். பாட்டி படித்த பள்ளியின் பெயரைத் தட்டினால் அந்தப் பள்ளியின் மலர் முதல் வரிசையிலேயே வர வேண்டும் என்று இவர்கள் பிடிவாதமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர்கள் பயன்படுத்துவது எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி. அதன் வரிசை போதவில்லை என்று, புள்ளி போடுவதற்குத் தாங்களே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்த்தார்கள். அப்புறம்தான் கேள்வி வந்தது: "அண்ணே, ஸ்கிரிப்ட் போட்டதிலிருந்து நல்ல ஆவணமெல்லாம் கீழே போகுது. சில தேடலுக்கு எர்ரர் வருது, சிலதுக்கு வரல. எங்கே பார்க்கிறது?" அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. ஸ்கிரிப்டைத் தொடுவதற்கு முன்னால், ஒரே ஓர் ஆவணத்தின் கணக்கை அடியிலிருந்து நுனிவரை வாசிக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் ஸ்கிரிப்டின் வரிகளில் இருக்காது. அதற்குள் போகும் தரவிலோ அதிலிருந்து வரும் எண்ணைத் தேடுபொறி பயன்படுத்தும் விதத்திலோ இருக்கும்.

புள்ளி எங்கிருந்து வருகிறது

எலாஸ்டிக்சர்ச்சை ஷே பானன் 2010-இல் வெளியிட்டார். அதன் அடியில் ஓடுவது லூசீன் என்ற நிரல் தொகுப்பு. அதை டக் கட்டிங் 1999-இலேயே எழுதத் தொடங்கியிருந்தார். ஒரு சொல்லைத் தேடும்போது, அந்தச் சொல் உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு எண் கிடைக்கிறது. அதுதான் புள்ளி. அதிகப் புள்ளி வாங்கியது மேலே நிற்கும்.

அந்த எண்ணைத் தருவது பிஎம்25 என்ற சூத்திரம். எலாஸ்டிக்சர்ச்சில் 5.0 பதிப்பிலிருந்து இதுதான் இயல்பான முறை. இது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: சொல் எத்தனை அரியது, ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது, ஆவணம் எவ்வளவு நீளமானது.

அரியது என்பதை எண்ணில் பார்ப்போம். தொகுப்பில் 1000 ஆவணங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். "தோட்டம்" என்ற சொல் 500 ஆவணங்களில் வருகிறது. "எல்பில்" என்ற தோட்டப் பெயர் 9 ஆவணங்களில்தான் வருகிறது. சூத்திரப்படி "தோட்டம்" வாங்கும் எடை சுமார் 0.69, "எல்பில்" வாங்குவது சுமார் 4.66. ஆகவே "எல்பில் தோட்டம்" என்று தேடினால் கிட்டத்தட்ட முழு முடிவையும் எடுப்பது "எல்பில்"தான். எல்லாரும் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு குறைவு.

எத்தனை முறை என்பதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சராசரி நீளமுள்ள ஆவணத்தில் ஒரு சொல் ஒருமுறை வந்தால் பெருக்கும் எண் 1. பத்து முறை வந்தால் அது 10 ஆகாது, சுமார் 1.96-தான் ஆகும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய நோட்டீஸ் மற்றதை எல்லாம் அமுக்கிவிடாமல் இருப்பது இதனால்தான். மிகவும் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. நாம் எழுதும் ஸ்கிரிப்ட் இந்தச் சமநிலையின் மேல்தான் போய் உட்காருகிறது. முதலில் கெடுவதும் இந்தச் சமநிலைதான்.

ஸ்கிரிப்ட் நுழையும் இரண்டு வாசல்

ஸ்கிரிப்ட் என்பது பெயின்லெஸ் என்ற மொழியில் எழுதும் ஒரு சின்னக் கணக்கு. அது எலாஸ்டிக்சர்ச்சுக்காகவே உருவான மொழி. உதாரணமாக, பிஎம்25 தந்த அடிப்படைப் புள்ளியைப் பார்வைகளின் எண்ணிக்கையோடு சேர்த்துப் புதிய புள்ளி தரச் சொல்லலாம். அதை வைப்பதற்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று பழைய ஃபங்ஷன் ஸ்கோர் தேடல். மற்றது 7.0 பதிப்பில் வந்த ஸ்கிரிப்ட் ஸ்கோர் தேடல். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், நடத்தையில் வேறு.

ஸ்கிரிப்ட் ஸ்கோரில் உங்கள் ஸ்கிரிப்ட் தரும் எண்தான் இறுதிப் புள்ளி. அடிப்படைப் புள்ளியை நீங்கள் கணக்கில் சேர்க்காவிட்டால் அது காணாமலே போய்விடும். ஃபங்ஷன் ஸ்கோரில் அப்படி இல்லை. நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் தரும் எண்ணை அது தானாகவே அடிப்படைப் புள்ளியோடு பெருக்கிவிடும்.

இங்கேதான் ஏராளமானோர் விழுகிறார்கள். அடிப்படைப் புள்ளியை உள்ளே வைத்து எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே எடுத்து ஃபங்ஷன் ஸ்கோரில் போட்டால், புள்ளி இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. மேலே பார்த்த 4.66 இப்போது சுமார் 21.7 ஆகிவிடும், 0.69 சுமார் 0.48 ஆகக் குறையும். ஏழு மடங்கு வித்தியாசமாக இருந்தது நாற்பத்தைந்து மடங்காகிவிட்டது. எர்ரர் எதுவும் வராது. வரிசை மட்டும் விசித்திரமாக இருக்கும். பெருக்கும் முறையை "மாற்றீடு" என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து அடிப்படைப் புள்ளியை எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. எல்லா ஆவணத்துக்கும் புள்ளி 0 என்று வரும். தேடும் சொல்லை வடிகட்டிப் பகுதிக்குள் மட்டும் வைத்திருப்பீர்கள். வடிகட்டி "இருக்கிறது, இல்லை" என்று மட்டும் சொல்லும், புள்ளி போடாது. அதனால் அடிப்படைப் புள்ளி 0. எதைப் பெருக்கினாலும் 0. தேடும் சொல்லைப் புள்ளி போடும் பகுதிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கணக்கைக் கேட்டு வாங்குவது

தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் கிராணி (எழுத்தர்) கணக்கு எழுதுவதை நினைத்துப் பாருங்கள். கொண்டுவந்த பாலின் எடையை அதில் இருக்கும் காய்ந்த ரப்பரின் விகிதத்தால் பெருக்கித்தான் கணக்கு. இந்த மாதம் குறைகிறது என்றால், எடை குறைந்ததா, மழை கலந்து விகிதம் குறைந்ததா, பெருக்கியதில் தவறா என்று மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வாதாடினால் ஒன்றும் தெரியாது. புள்ளியும் அப்படித்தான்.

எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கு எக்ஸ்ப்ளெய்ன் என்ற வசதி இருக்கிறது. தேடலோடு சேர்த்து அதைக் கேட்டால், ஒவ்வோர் ஆவணத்தின் புள்ளியும் எப்படி வந்தது என்று மரம்போலப் பிரித்துக் காட்டும். ஓர் ஆவணத்தின் அடையாள எண்ணைக் கொடுத்து, அதற்கு மட்டும் கேட்கும் வழியும் உண்டு. தொடங்குபவர்களுக்கு அதுதான் நல்லது, படிக்க வேண்டியது குறைவு. கேட்ட ஆவணம் தேடலுக்குப் பொருந்தவே இல்லை என்றால், அதையும் அது சொல்லிவிடும்.

அந்த மரத்தில் 2.2 என்று ஓர் எண் அடிக்கடி வரும். யாரோ எங்கோ கூடுதல் எடை போட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். சூத்திரத்தில் 1.2 என்ற இயல்பு மதிப்போடு 1 சேர்ந்த எண் அது. எல்லா ஆவணத்துக்கும் ஒன்றுதான், வரிசையை மாற்றாது.

ஆனால் எக்ஸ்ப்ளெய்ன் உங்கள் ஸ்கிரிப்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு வரியையும் பிரித்துக் காட்டாது. ஸ்கிரிப்ட் இன்ன எண்ணைத் தந்தது என்று சொல்வதோடு நிறுத்திவிடும். அதற்கு மேல் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது, எனக்கு இதுவே மிகவும் பிடித்தது. ஸ்கிரிப்ட் எதைத் திருப்பித் தருகிறதோ அதுதான் புள்ளி என்பதால், புள்ளியையே ஒரு ஜன்னலாகப் பயன்படுத்தலாம். ஸ்கிரிப்ட் ஸ்கோரில் முதலில் வெறும் 1-ஐத் திருப்பித் தாருங்கள். எல்லா ஆவணத்துக்கும் 1 வந்தால், ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்பது உறுதி. அடுத்து அடிப்படைப் புள்ளியை மட்டும் தாருங்கள், தேடல் சரியா என்று தெரியும். அடுத்து பார்வைகள் புலத்தை (ஆவணத்தில் ஒரு தகவலை வைக்கும் கட்டம்) மட்டும். அடுத்து அதை வகுத்த விடையை மட்டும். எந்தப் படியில் எதிர்பாராத எண் வருகிறதோ அங்கேதான் கோளாறு. ஒரு மணி நேரம் ஸ்கிரிப்டை முறைத்துப் பார்ப்பதைவிட இந்த நாலு ஓட்டம் அதிகம் சொல்லும்.

புலத்தின் வகை என்ன என்றே சந்தேகம் வந்தால், பெயின்லெஸ்ஸில் டீபக் எக்ஸ்ப்ளெய்ன் என்று ஒரு கட்டளை உண்டு. அது வேண்டுமென்றே எர்ரர் எழுப்பி, அந்த எர்ரருக்குள் மதிப்பையும் வகையையும் எழுதிக் காட்டும். முடிந்ததும் எடுத்துவிட மறக்க வேண்டாம்.

தரவு செய்யும் கோளாறுகள்

நம் ஊர்த் தொகுப்பு போன்றவற்றில் மிக அதிகமாக வருவது, மதிப்பே இல்லாத புலம். பள்ளி மலரில் ஆண்டு அச்சிட்டிருப்பார்கள். லயத்துப் புகைப்படத்தின் பின்னால் யார் எழுதுவது? ஆண்டு புலம் காலியாகவே இருக்கும். 6-ஆம் பதிப்பு வரை காலியான எண் புலத்தைக் கேட்டால் 0 என்று வந்துவிடும். 7.0-இலிருந்து எர்ரர் வரும். பழைய ஸ்கிரிப்டைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தவர்கள் இதில்தான் முதலில் இடறுகிறார்கள். எர்ரர் வருவதே நல்லது என்பது என் கருத்து. ஆண்டு தெரியாத படத்தை 0-ஆம் ஆண்டுப் படமாக நினைத்துக் கணக்குப் போடுவது யாருக்கும் உதவாது. புலத்தின் அளவு 0-ஆ என்று முதலில் கேட்டு, ஆம் என்றால் ஒரு நடுநிலை மதிப்பைக் கொடுக்கும்படி எழுதிவிடுங்கள்.

அடுத்தது எதிர்மறைப் புள்ளி. புதிய ஆவணங்கள் கொஞ்சம் மேலே வரட்டும் என்று, ஆண்டிலிருந்து 1950-ஐக் கழித்து அதனால் பெருக்குவதாக எழுதுகிறோம் என்று வையுங்கள். இந்த ஊரின் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப் பள்ளியை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த செய்தி வந்தால் 4, பிரச்சினை இல்லை. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய 1960 என்றால் 10. ஆனால் இந்த ஊரின் தொகுப்பில் 1948 இல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவித்தார்கள். 1948-இலிருந்து 1950-ஐக் கழித்தால் −2. எலாஸ்டிக்சர்ச் 7.0-இலிருந்து எதிர்மறைப் புள்ளியை ஏற்றுக்கொள்வதில்லை. அடியில் உள்ள லூசீன், புள்ளி குறைந்த ஆவணங்களை எண்ணாமலே தாண்டிப் போகும் உத்தியைப் பயன்படுத்துகிறது. அந்த உத்திக்குப் புள்ளி 0-க்குக் கீழே போகக் கூடாது. ஆகவே "தைப்பூசம்" என்று தேடினால் நன்றாக வரும், "அவசரகாலம்" என்று தேடினால் உடையும். சில தேடலுக்கு மட்டும் எர்ரர் வருகிறது என்றால், அந்தத் தேடலில் மட்டும் சிக்கும் ஆவணம் எது என்று தேடுங்கள்.

ஆண்டுக்குப் பதிலாக முழுத் தேதியை மில்லி விநாடியாக மாற்றிப் புள்ளியில் சேர்ப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. அந்த எண்ணிக்கை 1970 ஜனவரி 1-இல் 0-ஆகத் தொடங்குகிறது. அதற்கு முந்திய எல்லாத் தேதியும் எதிர்மறை. இதற்கு மேல் இன்னொன்று: புள்ளியைச் சேமிப்பது 32 பிட் தசம எண்ணாக. இன்றைய தேதியின் மில்லி விநாடி எண்ணிக்கை அதில் துல்லியமாக அடங்காது. அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவில் சுமார் 131 விநாடி இடைவெளி விழும். ஒரே மூச்சில் ஏற்றிய ஸ்கேன்களுக்கு ஒரே புள்ளி வருவது அதனால்தான். தேதி தள்ளிப் போகப் போகப் புள்ளியைக் குறைக்கும் தேய்வுச் செயற்பாடுகள் பெயின்லெஸ்ஸில் தேதிக்கென்றே உள்ளன. அவற்றின் விடை 0-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும், அவற்றையே பயன்படுத்துங்கள்.

முழு எண் வகுத்தலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சத்தமே போடாது. பார்வைகளை 100-ஆல் வகுத்து 1-ஐக் கூட்டிப் பெருக்கச் சொல்கிறீர்கள். பார்வைகள் முழு எண், 100-உம் முழு எண். பெயின்லெஸ்ஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சம் வெட்டப்படும். 12 பார்வைக்கும் 0, 99 பார்வைக்கும் 0. ஸ்கிரிப்ட் வேலையே செய்யவில்லை போலத் தோன்றும். 100 என்பதை 100.0 என்று எழுதுங்கள், அவ்வளவுதான்.

அதைச் சரிசெய்த கையோடு அடுத்த பிரச்சினை தலைகாட்டும். எல்லாரும் பகிர்ந்த ஒரு திருவிழாப் படத்துக்கு 40,000 பார்வை இருந்தால், பெருக்கும் எண் 401. பிஎம்25 கவனமாகக் கட்டிய சமநிலை அங்கேயே முடிந்துபோகும். எதைத் தேடினாலும் அந்தப் படம் மேலே நிற்கும். 10-ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால் இது அடங்கும்: 9 பார்வைக்கு 1, 99-க்கு 2, 9,999-க்கு 4. ஆனால் மடக்கை எடுக்கும் முன் பார்வையோடு 1-ஐக் கூட்ட வேண்டும். 0-இன் மடக்கை எதிர்மறை முடிவிலி, அது எர்ரரில் முடியும். கூட்டினாலும் 0 பார்வைக்கு விடை 0 என்று வந்து, பெருக்கும்போது புதிதாக ஏற்றிய ஆவணத்தின் புள்ளி முழுதும் அழிந்துவிடும். ஆகவே வெளியிலும் ஒரு 1-ஐக் கூட்டுங்கள்.

ஆண்டு எண்ணாக இல்லாமல் உரையாகப் பதிவாகியிருப்பதும் உண்டு. முதல் ஆவணத்தில் ஆண்டை மேற்கோள் குறிக்குள் அனுப்பியிருந்தால், எலாஸ்டிக்சர்ச் அதை உரைப் புலம் என்றே முடிவுசெய்துவிடும். இயல்பான அமைப்பில் உரைப் புலத்தை ஸ்கிரிப்ட் வாசிக்க முடியாது. இதை ஸ்கிரிப்டில் சரிசெய்ய முயலாதீர்கள். புலத்தின் வகையை எண் என்று அறிவித்த புது இண்டெக்ஸ் (ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவதுதான் வழி.

பாதி முடிவு

எர்ரர் வந்தால் குறைந்தபட்சம் தெரியும். இண்டெக்ஸ் பல ஷார்ட்டுகளாக, அதாவது தனித்தனித் துண்டுகளாக, பிரிந்திருக்கும்போது, காலியான ஆண்டுள்ள படம் ஒரே ஷார்ட்டில் இருந்து அது மட்டும் உடைந்தால், எலாஸ்டிக்சர்ச் மற்ற ஷார்ட்டுகளின் விடையை வெற்றி என்றே அனுப்பிவிடும். பக்கம் அழகாக வரும். உடைந்த ஷார்ட்டில் இருந்த அத்தனை ஆவணமும் அதில் இருக்காது. ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் படத்தைத் தேடி, இல்லை என்று நினைத்துப் போய்விடும். எனக்கு இந்தக் கோளாறு மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகப் படுகிறது. விடையின் தொடக்கத்தில் ஷார்ட்டுகளின் நிலவரம் இருக்கும்: மொத்தம் எத்தனை, வென்றது எத்தனை, தோற்றது எத்தனை. தோற்றது 0-க்கு மேல் இருந்தால் பக்கத்தில் எச்சரிக்கை காட்டும்படி எழுதுங்கள். பாதி முடிவே வேண்டாம் என்று அமைப்பிலும் சொல்லிவிடலாம்.

தேடிய ஆவணம் வரவே இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதில் ஸ்கிரிப்டுக்குப் பங்கே இல்லை. ஸ்கிரிப்ட் ஓடுவது தேடலுக்குப் பொருந்திய ஆவணங்களின் மேல் மட்டும். இயல்பான சொற்பிரிப்பில் "தோட்டம்" வேறு சொல், "தோட்டத்தில்" வேறு சொல். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஊர்ப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவதும் இதே கதைதான். எவ்வளவு புள்ளி அள்ளிக் கொடுத்தாலும், பொருந்தாத ஆவணம் பட்டியலுக்குள் வராது. அதைச் சொற்பிரிப்பிலும் ஒத்த சொற்களின் பட்டியலிலும்தான் தீர்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு. அடிக்கடி மாறும் எண்களை ஸ்கிரிப்டின் உரைக்குள் எழுதினால் ஒவ்வொரு முறையும் அது புதிய ஸ்கிரிப்டாகத் தொகுக்கப்பட்டு, அளவுக்கு மீறித் தொகுக்கிறீர்கள் என்று எர்ரர் வரும். எண்களைப் பாராமீட்டராக வெளியே கொடுங்கள். அடுத்து, பொருந்திய ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஸ்கிரிப்ட் ஓடுவதால் தொகுப்பு பெருகும்போது தேடல் மெதுவாகும். அப்போது மறுபுள்ளி முறைக்குப் போகலாம்: முதலில் சாதாரணத் தேடல், அப்புறம் மேலே வந்த சிலவற்றுக்கு மட்டும் ஸ்கிரிப்ட். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தச் "சில" என்பது ஒவ்வொரு ஷார்ட்டிலும் மேலே வந்த 10 மட்டுமே. அதற்கும் கீழே இருந்தவை ஸ்கிரிப்டைப் பார்க்கவே பார்க்காது, ஆகவே 100, 200 என்று கூட்டி வையுங்கள். மறுபுள்ளி இயல்பாகப் பழைய புள்ளியோடு புதியதைக் கூட்டும். ஃபங்ஷன் ஸ்கோரிலிருந்து ஸ்கிரிப்டை இங்கே நகர்த்தினால், பெருக்கலாக நினைத்து எழுதிய கணக்கு இப்போது கூட்டலாகிவிட்டது என்பதையும் எக்ஸ்ப்ளெய்னில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.